பயந்த பக்கம்

கரீமுல்லாவுக்குப் பயம் வரவில்லை. நான்கு மாதமாக முறையாக முயன்றும் வரவில்லை.

இத்தனைக்கும் பாதாளத் துரையின் திகில் கதைகளைத் தன் டைப் கிளாஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தவனே அவன்தான். சண்டை முடிந்து வெள்ளைச் சிப்பாய்கள் முகாம்களைக் காலி செய்துகொண்டு போன சமயம் அது. 1946ஆம் வருஷத் தொடக்கத்தில் திருவல்லிக்கேணி நடைபாதைகளில் அமெரிக்கப் பத்திரிகைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. பாதிக்கு மேல் அட்டை கிடையாது. வாலாஜா பள்ளிவாசலுக்கு எதிரே கோணி விரித்துப் பழைய புத்தகம் விற்கும் அப்துல் கய்யூம் அவற்றைத் தூசி தட்டி அடுக்கி வைத்திருந்தார். மவுண்ட் ரோடு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வரும் வழியில் கரீமுல்லா அதில் ஒன்றைப் புரட்டினான். அன்று டைப் கிளாஸுக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனான். அவன் வாழ்நாளில் அது முதல் தாமதம் என்று டயரியில் எழுதி வைத்தான்.

அதிலிருந்த கதைகளை எழுதியவரின் பெயர் யார் நாக்கிலும் ஒழுங்காகப் புரளவில்லை. அவர் ஏழையாகவே இருந்து செத்துப்போய்ச் சில வருஷம் ஆகிறது என்று ஒரு பத்திரிகையின் அடிக்குறிப்பு சொன்னது. அவர் கதைகளில் எல்லாமே பூமிக்கு அடியிலோ கடலுக்கு அடியிலோ போய் முடிந்ததால் கிளாஸில் யாரோ ‘பாதாளத் துரை’ என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் கதைகளில் பேய் கிடையாது, பிசாசு கிடையாது, பழிக்குப் பழி கிடையாது. நட்சத்திரங்களுக்கு அப்பாலோ கிணற்றுக்குக் கீழேயோ ஏதோ ஒன்று இருக்கும். அது மனிதரை வெறுப்பதில்லை. மனிதர் என்று ஒரு சாதி இருப்பதே அதற்குத் தெரியாது. “வண்டிச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கறோமே, அந்தப் பழத்து மேல சக்கரத்துக்கு என்ன விரோதம்? அந்த மாதிரி” என்று விளக்கினாள் ஜானகி. மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கத்துப் பெண். இண்டர்மீடியட் முடித்துவிட்டு லோயர் டைப்ரைட்டிங் படிக்க வந்தவள். இங்கிலீஷைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் தமிழில் சரளமாகச் சொல்லிக்கொண்டே போவாள். கரீமுல்லா மூன்று பக்கத்துக்கு ஒருமுறை அகராதியைத் திறப்பான்.

லஸ் முனையில் மாடியில் இருந்த அந்த கிளாஸில் பைத்தியம் வேகமாகப் பரவியது. எட்டுப் பேர், பிறகு பன்னிரண்டு பேர். பத்திரிகைகள் கைமாறிக் கைமாறித் தையல் விட்டன. கரீமுல்லா ஓர் ஒழுங்கு ஏற்படுத்தினான். ஒவ்வொரு பத்திரிகையின் பின்புறமும் கட்டம் போட்ட சீட்டு ஒன்றை ஒட்டினான். வாங்கியவர் பெயர், வாங்கிய தேதி, திருப்பித் தந்த தேதி. கடைசிக் கட்டத்துக்கு அவனே யோசித்து வைத்த தலைப்பு, ‘பயந்த பக்கம்’. எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டோமோ அதன் எண்ணை எழுத வேண்டும்.

எல்லோரும் எழுதினார்கள். கரீமுல்லாவும் எழுதினான். அவன் எழுதியது மட்டும் பொய்.

மற்றவர்கள் எழுதிய எண்களைப் பார்த்து, அவற்றுக்கு நடுவாந்தரமாக ஓர் எண்ணைப் போட்டுவிடுவான். கதைகள் அவனுக்குப் பிடிக்காமல் இல்லை. உயிராகப் பிடித்திருந்தன. ஒவ்வொரு கதையிலும் வரும் ஊர், ஆள், விபரீதம் எல்லாவற்றையும் நோட்டில் வரிசைப்படுத்தியிருந்தான். துரை எந்தச் சொல்லை எத்தனை தடவை எழுதுவார் என்றுகூடச் சொல்வான். ஆனால் ரோமம் சிலிர்க்கவில்லை. பசியோடு படித்துப் பார்த்தான், மழையில் படித்துப் பார்த்தான், வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துப் பார்த்தான். டயரியில் ‘பயம்: இல்லை’ என்றே விழுந்தது. ஒருநாள் ‘லேசாக இருந்த மாதிரி இருந்தது’ என்று எழுதி, மறுநாள் நேர்மைக்கு அஞ்சி அடித்துவிட்டான்.

தனக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று பிறவியிலேயே விட்டுப்போயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொண்டே காலம் ஓட்டியிருப்பான். தணிகாசலம் வராமல் இருந்திருந்தால்.

தணிகாசலம் தேனாம்பேட்டையில் டைப்ரைட்டர் ரிப்பேர் கடை ஒன்றில் மெக்கானிக். சனிக்கிழமை மத்தியானம் வந்து கிளாஸின் இருபது மெஷின்களையும் துடைத்து, எண்ணெய் போட்டு, வளைந்த கம்பிகளை நிமிர்த்திவிட்டுப் போவான். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் அவனுக்கு மெஷினுக்குள் பார்த்துப் பழக்கம். படிக்கத் தெரியாது. ஒரு சனிக்கிழமை ஜானகி யாருக்கோ ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவன் ராத்திரிதோறும் நட்சத்திரங்களை எண்ணுகிறான், தினம் ஒன்று குறைகிறது என்று போகும் கதை. தணிகாசலம் எண்ணெய்க் குப்பியோடு எழுந்து நின்றான்.

“அந்த நச்சத்திரம்லாம் எங்க போச்சு ஜானகிம்மா?”

“தெரியலையே. துரை சொல்லலை.”

“சொல்லவே இல்லியா?”

“இல்லை. அத்தோட கதை முடிஞ்சுடறது.”

தணிகாசலம் ஜன்னல் பக்கம் பார்த்தான். பட்டப்பகல் நாலு மணி. “பாய், என்னிய டிராம் வரைக்கும் கொண்டாந்து வுடுறியா? நான் மேல பாக்க மாட்டேன். நீ பாத்துக்கினு வா” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கரீமுல்லாவும் சிரித்தபடிதான் கூடப் போனான். லஸ் முனையில் டிராமுக்கு நிற்கும்போது பார்த்தான், தணிகாசலத்தின் முன்கை ரோமம் ஒவ்வொன்றும் நட்டுக்கொண்டு நின்றது. கண்ணாடிக் கடையில் மூன்று வருஷம் மனிதர் முகத்தையே பார்த்தவனுக்குப் பொய்யும் மெய்யும் தெரியும். வாயால் நடிக்கலாம், கண்ணால்கூட நடிக்கலாம், ரோமத்தால் எப்படி நடிப்பது?

அன்றைக்குப் பிடித்தது கரீமுல்லாவுக்குப் பொறாமை. பந்தலுக்குக் கால் நட்டவன் வெளியே நிற்க, வழிப்போக்கன் ஒருவன் உள்ளே போய் முதல் பந்தியில் உட்கார்ந்த கதையாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை மத்தியானம் தணிகாசலத்துக்குக் கதை சொல்லும் நேரம் என்று ஆகிவிட்டது. அவன் மெஷினைத் துடைப்பான், ஜானகி சொல்வாள், மற்றவர்கள் கதையைக் கேட்காமல் அவன் முகத்தையே பார்த்திருப்பார்கள். சீட்டில் அவனுக்காக ஜானகியே எண்ணை எழுதினாள். புதிதாகப் பத்திரிகை வாங்குகிறவர்கள் முதலில் சீட்டைத் திருப்பி, “தணிகாசலம் எங்க பயந்தாரு?” என்று பார்த்து அந்தப் பக்கத்துக்கே நேராகப் போனார்கள். கட்டம் போட்டவனை யாரும் கேட்கவில்லை.

‘அவன் ஒரு வரிகூடப் படித்ததில்லை’ என்று டயரியில் எழுதினான் கரீமுல்லா. கீழே, ‘நான் அறுநூற்றுச் சொச்சம் பக்கம்’ என்று எழுதினான். எழுதியதைப் பார்க்க அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் கிழிக்கவில்லை.

மே மாதத்தில் அப்துல் கய்யூம் ஒருநாள் அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார். “வாங்க தம்பி, உங்க துரை வந்து உக்காந்திருக்காரு. எலி கொஞ்சம் சாப்பிட்டுட்டுது, மீதி உங்களுக்குத்தான்.” இதுவரை யாரும் பார்க்காத நீளக் கதை அது. பக்கங்கள் கைபட்டாலே உதிர்ந்தன. கைமாற்ற முடியாது. ஆகவே கரீமுல்லா வேகப் பயிற்சிக்கென்று தனக்குள்ள நேரத்தில் கதை முழுவதையும் டைப் அடித்தான். ஹையர் பரீட்சைக்குப் படிப்பவன், தாளில் ஒரு தப்பு வராது. காகிதம் கிடைக்காத காலம். கிளாஸில் பழைய பயிற்சித் தாள்களின் பின்பக்கத்தில்தான் எல்லோரும் அடித்தார்கள். குழப்பம் வராதிருக்க, பழைய பக்கத்தின் குறுக்கே நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுவது கரீமுல்லா வைத்த விதி. நீலக்கோடு இருந்தால் படிக்காதே, இல்லாவிட்டால் படி.

சனிக்கிழமை ஜானகி அந்தக் கட்டைக் கையில் எடுத்தாள். தணிகாசலம் ஏழாவது மெஷினின் உருளை வண்டியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். சுற்றி ஒன்பது பேர். கரீமுல்லா ஜன்னலோரம் நின்றான்.

கதை இது. ஒரு மலைக்கிராமத்தில் கிணறு தோண்டுகிறார்கள். தண்ணீருக்குப் பதிலாகப் படிக்கட்டு தட்டுப்படுகிறது. ஒவ்வொரு படியும் ஓர் ஆள் உயரம். மனிதன் ஏறி இறங்கக் கட்டிய படியல்ல. இறங்கிப் பார்க்கப் போன கூலியாட்கள் திரும்பவில்லை. ஊர் வைத்தியர் கயிறு கட்டிக்கொண்டு தினம் இரண்டு படியாக இறங்குகிறார். பத்தொன்பதாம் படியில் சமதளமான ஒரு கல். கல்லின்மேல் ஒரு தாள்.

“‘வைத்தியர் அந்தத் தாளை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார்’” என்று படித்த ஜானகி, தாளைப் புரட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தாள்.

“‘ஐயா, இம்மாதம் பதினான்காம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிட்ட உருப்படிகளில் ஆறு எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டன. அவை நல்ல நிலையில் உள்ளன. ஏழாவது உருப்படி வந்ததும் மொத்தமாக அனுப்பி வைக்கிறோம். தாமதத்துக்கு வருந்துகிறோம். என்றும் தங்கள் ஊழியத்திலுள்ள...’ கையெழுத்து இல்லை.”

கரீமுல்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது துரை எழுதியது அல்ல. ஹையர் பயிற்சிப் புத்தகத்தின் முப்பத்தெட்டாம் பாடம். ஏதோ கம்பெனி ஏதோ கம்பெனிக்குத் தையல் மெஷின் பாகங்களைப் பற்றி எழுதும் கடிதம். அந்த ஒரே ஒரு தாளில் அவன் நீலக்கோடு இழுக்க மறந்திருக்கிறான். லோயர் படிக்கும் ஜானகி அந்தப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை.

சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கணகணவென்று சத்தம். தணிகாசலம் மடியிலிருந்த வண்டி தரையில் விழுந்து உருண்டது. அதை அவன் எடுக்கவில்லை.

“கெணத்துல எறங்கின கூலியாளுங்க எத்தினி பேரு?” என்றான்.

“சொல்லலை” என்றாள் ஜானகி.

“ஆறு. ஆறு பேருதான். அவுங்கதான் வந்து சேந்துட்டாங்கன்னு எழுதிக்கீது. நல்ல நெலமையில கீறாங்களாம்.” அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. “ஏழாவது இந்த வைத்தியரு. அவரு கையிலயே கடுதாசியக் குட்த்துட்டான் பாரு.”

யாரோ “யப்பா” என்றார்கள். ஜானகி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “எனக்கே குளிர்றது. திட்டறான் மிரட்டறான்னா பரவாயில்லை. ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’னு மரியாதையா எழுதறான் பாருங்கோ!”

கரீமுல்லா வாயை மூடிக்கொண்டான். இப்போது சொன்னால் என்ன ஆகும்? எல்லோரும் சிரிப்பார்கள், தணிகாசலமும் சேர்ந்து சிரிப்பான், விஷயம் முடிந்துபோகும். முடிந்துபோக விடுவானேன்? நான்கு மாதத்தில் முதன்முறையாக அவன் கையில் ஒரு துருப்புச் சீட்டு விழுந்திருந்தது. மெய்யான வாசகனாம், பாடப்புத்தகத்துக்குப் பயந்த மெய்யான வாசகன்!

ஜானகி மிச்சக் கதையையும் முடித்தாள். அசலில் வைத்தியர் பார்த்த தாளில் விளங்காத கோடுகள்தான் இருக்கும், அவர் திரும்பத் திரும்பப் பார்ப்பார். நடுவே நுழைந்த கடிதத்துக்குப் பின்னாலும் அது பொருத்தமாகவே ஓடியது. முடிந்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

“இந்தப் பத்திரிகையில வாசகர் கடிதம்னு போடறாளே. அமெரிக்கா முழுக்க எழுதறா, நான் இங்க நடுங்கினேன், அங்க நடுங்கினேன்னு. மெட்ராஸ்லேருந்து ஒருத்தரும் எழுதலை. நாம எழுதுவோம். தணிகாசலம் சொல்லட்டும், அவர் பேர்லயே போகட்டும். நான் இங்கிலீஷ்ல எழுதித் தரேன்.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். “மிஸ்டர் கரீமுல்லா, நீங்க டைப் அடிச்சுக் குடுத்துடுங்கோ. உங்க கையில தப்பே வராதே.”

பாராட்டித்தான் சொன்னாள். அதுதான் கத்தியாக இறங்கியது. மெட்ராஸின் குரலாகத் துரையின் ஊருக்குப் போகப்போவது ஒரு கடிதம். அதில் பயம் அவனுடையது, பாஷை இவளுடையது, தட்டுவது மட்டும் கரீமுல்லா.

புதன்கிழமை ஜானகி எழுதிய பிரதி அவன் கைக்கு வந்தது. நல்ல இங்கிலீஷ். கிணற்றடியில் கிடைத்த கடிதம்தான் நான் கேட்டதிலேயே கொடூரமானது, பத்தொன்பதாம் படியில் அந்த மரியாதையான வார்த்தைகளை எழுதத் தெரிந்த உங்கள் ஆசிரியரை வணங்குகிறேன் என்று தணிகாசலம் அதில் சொல்லியிருந்தான். கரீமுல்லா தாளைச் சொருகி அடித்தான். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இது அப்படியே அச்சானால் அந்தக் கதையைப் படித்த அத்தனை அமெரிக்கர்களும் என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். ‘அந்த மெட்ராஸ் ஆள் கதையையே படிக்கவில்லை, புளுகுகிறான்.’ கீழே பெயர் தணிகாசலம் என்று இருக்கும். கரீமுல்லா செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும்.

அன்று டயரியில், ‘நான் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை’ என்று எழுதினான். இரண்டாவது வரியில் ‘இது நியாயமா?’ என்று எழுதினான். மூன்றாவது வரியில் ஒன்றும் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை தணிகாசலம் கிளாஸுக்கு வராததால், கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாற்றுப் பாலத்தருகே அவன் வீட்டுக்குக் கரீமுல்லா போனான். ஆற்றோரத்தில் வரிசையாகப் பனையோலைக் குடிசைகள். வாசலில் தணிகாசலத்தின் பெண்சாதி தேவானை குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

“நீங்கதானா அந்த டைப் கிளாஸு பாயி? ஒரு வாரமா கெணத்தாண்ட போவ மாட்டேங்குது இந்த ஆளு. அத்தினி தண்ணியும் நானேதான் சேந்துறேன். உங்க தொரைய வந்து ரெண்டு கொடம் சேந்தச் சொல்லுங்க.”

“தொரை செத்துட்டாரும்மே” என்றான் உள்ளேயிருந்து தணிகாசலம்.

“செத்தவனுக்கே இந்தப் பயமா!”

தணிகாசலம் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். பேனாவை வாங்கினான். நேற்றெல்லாம் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டுப் பழகினேன் என்று ஒரு காகிதத்தைக் காட்டினான். எழுத்துகள் அழகாக, அழுத்தமாக இருந்தன, ஆனால் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறியிருந்தன. மெஷினுக்குள் கம்பி நுனியில் எழுத்து அப்படித்தானே இருக்கும். அவன் பார்த்ததெல்லாம் அதைத்தான்.

“சரியா கீதா பாய்?”

கரீமுல்லாவுக்கு வேறு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. “அந்த இடத்துல உனக்கு ஏன் அவ்வளவு பயம்?” என்று கேட்டான். தெரிந்துகொள்ளும் ஆசை அதில் பாதிதான் இருந்தது.

“எங்க அண்ணன் முருகையன் ரங்கூன்ல கப்பத் தொறையில இருந்தான். ஜப்பான்காரன் குண்டு போட்டதுலேந்து சேதி இல்ல. நானும் சர்க்கார் ஆபீசுக்கு எழுதிப் போட்டுக்கினேகீறேன். பதிலு வரும். யாருகிட்டனா படிக்கச் சொல்லுவேன். ‘தங்கள் கடிதம் கெடச்சுது, விசாரிச்சுக்கினு வரோம், தாமதத்துக்கு வருந்துறோம்.’ நாலு வருசமா வருந்துறான். படிக்கிற ஆளு மாறுறான், கடுதாசி மாறல.” மூக்கைச் சொறிந்துகொண்டான். “எழுதறவனுக்கு என் மேல கோவமா? இல்ல. நான் யாருன்னே அவனுக்குத் தெரியாது. தொரை அத எப்டியோ கண்டுக்கினாரு பாரு. எந்தச் சீமையிலயோ உக்காந்துக்கினு.”

தேவானை குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கிணற்றுக்குப் போனாள்.

“அதை துரை எழுதலை” என்றான் கரீமுல்லா.

“இன்னா?”

“அது எங்க பாடப்புத்தகத்துல இருக்கற கடிதம். முப்பத்தெட்டாம் பாடம். நான் கோடு போட மறந்துட்டேன். ஜானகி பின்பக்கத்தைப் படிச்சிட்டாங்க. அப்பவே எனக்குத் தெரியும். சொல்லலை.”

“ஏன் சொல்லல?”

“உன்னப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சல்.” சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. “துரையைக் கொண்டுவந்தது நான். அத்தனையும் படிச்சவன் நான். எனக்கு ஒரு தடவைகூடப் பயம் வந்ததில்லை. உனக்கு ஒரு வார்த்தை காதுல விழுந்தா வந்துடுது. ரெண்டு மாசமா உன்கூடப் போட்டி போட்டுட்டு இருக்கேன்.”

தணிகாசலம் அவனை மேலும் கீழும் பார்த்தான். “என்கூடயா? போட்டியா?” அவனுக்கு மெய்யாகவே விளங்கவில்லை. “நைனா, நான் கெணத்தாண்ட போவ முடியாம பொண்டாட்டிகிட்டப் பேச்சு வாங்கிக்கினுகீறேன். இதுக்காடா வயித்தெரிச்சல் படுவே?”

இரண்டு மாதம் கரீமுல்லா எய்த அம்புகளில் ஒன்றுகூட அவன்மேல் படவில்லை. எய்ததே அவனுக்குத் தெரியாது. கரீமுல்லாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தணிகாசலத்துக்குத் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தான். “தையல் மிஷினு பாகமா! நல்ல நெலமையில கீதாம்!” கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

“அப்போ அந்தக் கடுதாசி யாருக்குப் போவுது?”

“யாருக்கும் போகாது. பயிற்சிக்கு அடிக்கறது.”

“தெனமும்?”

“ஹையர் படிக்கறவங்க எல்லாரும். எல்லா ஊர்லயும்.”

“சரி. ‘பதினாலாம் தேதி நீ போட்ட கடுதாசி கெடச்சுது’ன்னு பதிலு எழுதுறீங்களே, அந்தப் பதினாலாம் தேதிக் கடுதாசிய மொதல்ல போட்டவன் யாரு?”

“அப்படி ஒரு கடிதமே கிடையாது” என்றான் கரீமுல்லா. “எழுதணுமேன்னு எழுதினது.”

“நீ சுளுவா சொல்லிட்டே” என்றான் தணிகாசலம். அவன் முன்கையை கரீமுல்லா பார்த்தான். ரோமம் நின்றது. மறுபடியும்! கரீமுல்லா பல்லைக் கடித்துக்கொண்டான்.

தாளில் தணிகாசலம் கையெழுத்துப் போடவில்லை. “நடந்தத அப்டியே எழுதிக்கினு வா. தொரை எழுதலன்னா இன்னா? நான் பயந்தது நெசம்தானே? அத மறைப்பானேன்?” என்று அனுப்பிவிட்டான்.

மறுநாள் திங்கட்கிழமை. பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. மாஸ்டர் ஹையர் ஆட்களை எல்லாம் ஒன்றாக உட்கார வைத்தார். மேஜைமேல் இருந்த மணியில் கை வைத்தார். “முப்பத்தெட்டாம் பாடம். பத்து நிமிஷம். முடிச்சவங்க நிறுத்தாம மறுபடி ஆரம்பிங்க.” மணி அடித்தார்.

கரீமுல்லாவின் விரல்கள் தாமாக ஓடின. புத்தகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பதினான்காம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. பக்கத்து மெஷினிலும் கிடைத்தது. எதிர் வரிசையிலும் கிடைத்தது. ஒருவன் முந்தி, ஒருவன் பிந்தி, பதினாறு மெஷின்களும் அதே சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தன. போன வருஷம் இதே நாற்காலியில் இருந்தவர்களும் அடித்தார்கள். திருச்சியில் அடிக்கிறார்கள், மதுரையில் அடிக்கிறார்கள். இத்தனை பேர் இத்தனை காலமாக, இடைவிடாமல், மரியாதையோடு பதில் எழுதிக்கொண்டே இருக்கிறோமே. ஒரு கடிதமும் வராமலா?

ஆறு உருப்படிகள் வந்து சேர்ந்துவிட்டன என்று அவன் விரல்கள் அடித்தன. நல்ல நிலையில் உள்ளன என்று அடித்தன. அவன் அடிக்கச் சொல்லவில்லை. நிறுத்தப் பார்த்தான், அவை ஏழாவது உருப்படியைப் பற்றி அடித்தன.

வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கழன்று கீழே போயிற்று. ஒரு படி, இன்னொரு படி. பிடரியில் தொடங்கிய குளிர் முதுகுத்தண்டில் இறங்கியது. கைகளைப் பிடுங்குவது போல மெஷினிலிருந்து எடுத்துப் பார்த்தான். இரண்டு முன்கைகளிலும் ரோமம் ஒவ்வொன்றும் நட்டுக்கொண்டு நின்றது.

“கரீமுல்லா, ஏன் நிறுத்திட்டே?” என்றார் மாஸ்டர்.

“ஒண்ணுமில்ல சார்.”

சந்தோஷம் வரவேண்டும். வந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. உள்ளே அந்தக் குளிர் இருக்கும்போதே அதன் ஓரத்தில் ஒரு சின்னக் குதூகலமும் இருந்தது. ஆனால் அதற்கும் ஓரத்தில் பழைய ஆசாமி வந்து உட்கார்ந்துவிட்டான். இந்தப் பயத்தையும் முதலில் பார்த்தவன் தணிகாசலம். நேற்றே பார்த்துவிட்டான். ஆற்றங்கரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே.

கிளாஸ் முடிந்ததும் ஜானகியிடம் எல்லாவற்றையும் சொன்னான். நீலக்கோடு, முப்பத்தெட்டாம் பாடம், வாயை மூடிக்கொண்டிருந்தது, ஏன் மூடிக்கொண்டிருந்தான் என்பது, இன்று தனக்கே ரோமம் சிலிர்த்தது. அவள் முகம் சிவந்தது. “நான்னா அசடா அதைப் படிச்சுண்டு இருந்திருக்கேன்” என்றாள். பிறகு பென்சிலை எடுத்தாள். இருவரும் சேர்ந்து கடிதத்தை மறுபடி எழுதினார்கள். உங்கள் ஆசிரியரின் கதையில் எங்கள் நண்பர் மிகவும் பயந்த பக்கம் உங்கள் ஆசிரியர் எழுதாத பக்கம் என்று தொடங்கி, நடந்தது நடந்தபடி. ரங்கூனும் அதில் வந்தது. முப்பத்தெட்டாம் பாடம் முழுவதும் வந்தது. கடைசி வரியாக, எங்கள் தட்டச்சாளருக்கும் ஒன்பது நாள் கழித்து அதே பக்கத்தில் பயம் வந்தது என்று ஜானகி சேர்த்தாள்.

“அது வேண்டாம்” என்றான் கரீமுல்லா.

“இருக்கட்டும். நிஜம்தானே?”

சனிக்கிழமை தணிகாசலம் மெஷின்களைத் துடைத்துவிட்டுக் கையையும் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட வந்தான். இந்த முறை நேராக எழுதக் கற்றுக்கொண்டிருந்தான். ஒரு வாரத்தில்! போட்டுவிட்டுத் தாளைத் தூரப் பிடித்து ரசித்தான்.

“உன் பேரு எங்க கீது பாய்?”

தாளின் இடது கோடியில் கரீமுல்லா விரலை வைத்தான். சொன்னவரின் பெயர் முதலெழுத்துகள் பெரியதாக, ஒரு சாய்கோடு, அதன் பிறகு அடித்தவனுடைய எழுத்து சின்னதாக. ஆபீஸ் கடிதங்களில் அதுதான் வழக்கம்.

“இத்தினூண்டா?”

“அப்படித்தான் போடணும்.”

“இது இன்னாடா அநியாயமாகீது. சரி, அடுத்த தபா நீ சொல்லு, நான் தட்டுறேன். என் பேரு பொடிசா போவட்டும். எனக்கும் கத்துக் குடேன். இந்த மிஷினுங்களக் கயட்டி மாட்டத் தெரியுது, தட்டத் தெரியல. வெக்கக்கேடு.”

“கத்துத் தரேன்” என்று கரீமுல்லா சொல்லிவிட்டான். மனதாரத்தான் சொன்னான்.

கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு டிராமில் திருவல்லிக்கேணிக்குத் திரும்பும்போதுதான் யோசித்தான். ஒவ்வொரு எழுத்தும் மெஷினுக்குள் எங்கே கிடக்கிறது என்று தணிகாசலத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். விரல்களோ ஊசி முனையில் வேலை செய்து பழகியவை. சரியாக உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் லோயர் முடித்துவிடுவான். அடுத்த வருஷம் ஹையர். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை, தப்பில்லாமல்.

கரீமுல்லா நாற்பத்தெட்டு.

ராயப்பேட்டை தாண்டுவதற்குள் அவனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.